பச்சை டேப் சுற்றிய அயர்னோடு கும்மிடிப்பூண்டிக்கு

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. திருவள்ளூர்ப் பக்கமிருந்து கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு அவசரமாகப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று சொல்கிறேன். நான் போனது போன செவ்வாய்க்கிழமை, ஒரு சால்டரிங் அயர்னுக்காக.

மருமகள் செல்வி அங்கே ஒரு சின்னக் கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளுக்குப் பற்றுவைக்கிறாள். வெளிநாடு போகிற போர்டு, காரீயம் துளியும் கலக்கக் கூடாது. அயர்ன் அவரவர் கொண்டுபோக வேண்டும். காரீயம் படாத அயர்ன் என்பதற்குக் கைப்பிடியில் பச்சை டேப்தான் அடையாளம்.

நான் மணவாள நகர் வீட்டில் மிக்சி, ரேடியோ பழுது பார்க்கிறவன். நான் பற்றுவைக்கிற கம்பியில் காரீயம் உண்டு. என் அயர்ன் கைப்பிடி விரிசல் விட்டபோது, கைக்குக் கிடைத்த அவளுடைய பச்சை டேப்பைச் சுற்றிவிட்டேன். வீட்டை விட்டுப் போகாத சாமானுக்கு எந்த நிறமாக இருந்தால் என்ன?

அன்று விடிகாலை கரண்ட் இல்லை. இருட்டில் அவள் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கம்பெனி வேன் ஏறிவிட்டாள். எட்டு மணிக்கு மற்றதை எடுத்தேன். டேப்புக்கு அடியில் விரிசல் தட்டுப்படவில்லை. அவள் எடுத்துப்போனது என்னுடையதை. போன் அடித்தும் பயனில்லை, உள்ளே நுழையும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். மதியம் சரக்கு வாங்குகிறவர்கள் மெஷினோடு சோதனைக்கு வருகிறார்கள் என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள். காரீயம் தெரிந்தால் வேலை போகும்.

ஷேர் ஆட்டோவில் பஸ் ஸ்டாண்ட், இருபது ரூபாய். எட்டரைக்குச் செங்குன்றம் பஸ். ரயில் என்றால் சென்ட்ரல் போய் மாற வேண்டும், காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை.

“இன்னா பெருசு, நின்னுக்கினே வர? சீட்டு காலியாத்தான கீது, குந்து,” என்றார் கண்டக்டர்.

“குந்தினா பஸ் மெதுவா போற மாதிரி கீதுப்பா.”

“நீ நின்னா பறக்குமா?”

செங்குன்றத்தில் பஸ் மாறினேன். பஸ் போர்டைப் படிக்க முடியாதவன் ஒருவரைக் கேட்டு ஏறக் கூடாது, மூன்று பேரைக் கேட்க வேண்டும். சோழவரம் தாண்டி லாரி நெரிசல். இறங்கும் இடம் தேட வேண்டியிருக்கவில்லை. பையனுக்குப் பெண் பார்க்க வந்தபோது பார்த்த தண்ணீர்த் தொட்டி அப்படியே நின்றது. கேட்டை அடையும்போது பதினொரு மணி.

வாட்ச்மேன் டீ பிரேக்கில் செல்வியைக் கூப்பிட்டார்.

“மாமா! ஊட்ல யாருக்கு இன்னா ஆச்சி?”

அயர்னை நீட்டினேன். கைப்பிடியைத் தடவியதும் அவள் முகம் மாறியது.

“அதுலயே பதினோரு போர்டு முடிச்சிட்டேன் மாமா. சொன்னா வெளிய அனுப்பிடுவாங்க. சொல்லாத வுட்டா, மெஷின்ல இந்த போர்டத்தான் வெப்பாங்கன்னு இன்னா நிச்சயம்?”

என் கையிலிருந்த அயர்னை வாங்கிக்கொண்டாள்.

“நீங்க வராமலே இருந்திருக்கலாம்,” என்று உள்ளே போய்விட்டாள்.

கேட்டுக்கு முன்னால் நடந்தேன், திரும்பினேன், நடந்தேன்.

“நீ நடக்கறதப் பாத்து எனக்கே மயக்கம் வருது, குந்து நைனா,” என்றார் வாட்ச்மேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: “உன் மருமக டிரேயத் தூக்கினு நேரா மேனேஜர் ரூமுக்குப் போவுது.”

சாயந்திரம் ஐந்தரைக்கு வெளியே வந்தவள், வேனை விட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறினாள்.

“வேல?” என்றேன்.

“கீது. பேக்கிங்ல போட்டுட்டாங்க. இனிமே அயர்ன் தொடக் கூடாதாம்.”

 சோழவரம் வந்ததும் பையிலிருந்து என் அயர்னை எடுத்தாள். பச்சை டேப்பை நகத்தால் கிளப்பி முழுவதும் உரித்து, அயர்னை என் மடியில் வைத்தாள்.

போகிறவர்களுக்கு: மூன்று மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள், கேட் பக்கம் கடை கிடையாது. வீட்டில் இரண்டு விதப் பற்றும் நடந்தால் சாமான்களை வேறு வேறு அறையில் வையுங்கள்.

என் அயர்ன் கைப்பிடியின் விரிசல் இப்போது உள்ளங்கையைக் கடிக்கிறது. கறுப்பு டேப் பத்து ரூபாய்தான். இன்னும் எதையும் சுற்றவில்லை.