தேவகியின் ஊசி மருந்துக்காகக் கியூர்பிப் வரை

சென்ற கரும்பு வெட்டு தொடங்கிய வாரத்தில், என் ஆறு வயது மகள் தேவகியைத் தூக்கிக்கொண்டு குட்லண்ட்ஸ் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்திலிருந்து கியூர்பிப் போனேன். அவளுக்கு நீரிழிவு. சிறுபிள்ளைகளுக்கு வருகிற, ஊசி இல்லாமல் உயிர் தங்காத வகை. இதே நோயுள்ள பிள்ளைகளை வைத்திருக்கும் இரண்டு தாய்மார் வழி கேட்டுச் சொல்லியனுப்பினார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஆறட்டும் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டேன்.

இன்சுலின் என்ற மருந்து இந்தத் தீவுக்கு வந்து சில வருஷங்கள்தான் ஆகின்றன. காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன் ஊசி போட வேண்டும். வெயில் பட்டால் மருந்து கெட்டுவிடும். எங்கள் வீட்டில் ஈரமணலில் புதைத்த பானைக்குள் வைத்திருப்போம். ஊர்க் கடைக்காரர்தான் நகரத்திலிருந்து வாங்கி வந்து தருவார். அந்த முறை புட்டியை வெயில் விழுகிற கண்ணாடி அலமாரியில் நான்கு நாள் வைத்துவிட்டார். தண்ணீர்போல் தெளிந்திருக்க வேண்டிய மருந்தில் வெள்ளைத் துகள் மிதந்தது. கேட்டேன்.

"குலுக்கிப் போடும்மா, எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

நானும் குலுக்கிப் போட்டேன். அந்தக் கோபம் என்மேல். இரண்டாம் நாள் மாலை அவள் சிறுநீரைச் சோதனைத் திரவத்தில் சொட்டிக் காய்ச்சினேன். நீலம் செங்கல் நிறமானது, உடம்பில் சர்க்கரை ஏறிவிட்டது என்று அர்த்தம். தேவகி செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். விடிவதற்குள் மூச்சில் அழுகிய பழத்தின் வாடை வந்துவிட்டது.

பனிப்பெட்டியில் வைத்த நல்ல மருந்தும், அவளைப் பார்க்கிற டாக்டரும் கியூர்பிப்பில்தான். ஐந்து மணிக்கு மாட்டுவண்டி கட்டினோம். என் கணவர் ஆலையில் கரும்பு இறக்கப் போயிருந்தார். அவருடைய அண்ணன்தான் ஓட்டினார். ரயிலடி ஐந்து மைல். வழியெல்லாம் கரும்பு வண்டிகள் மறித்ததால் ஒன்றரை மணி நேரம் ஆனது. "கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டா போதாதா? ஊசி ஊசின்னு பிள்ளையக் குத்திக்கிட்டே இருக்கே" என்றார். பிள்ளையின் தலையை மடியில் சரித்துக்கொண்டேன். பதில் சொல்லியிருந்தால் வண்டி நின்றிருக்கும்.

ஆறே முக்காலுக்கு ரயில். எட்டேகாலுக்குப் போர்ட் லூயி. அங்கே வண்டி மாற வேண்டும். கியூர்பிப் இருக்கிற மேட்டுநிலத்துக்குப் போகிற வண்டி எட்டு ஐம்பதுக்கு. மூன்றாம் வகுப்பில் எனக்கும் பிள்ளைக்கும் போக மட்டும் ஒரு ரூபாய் பத்துச் சதம்.

ரோஸ் ஹில் தாண்டியதும் தேவகி வாந்தி எடுத்தாள். எதிரே தொப்பி வைத்த ஒருவர் காலை உயர்த்திக்கொண்டு, "மலாத்! மலாத்!" என்று கத்தினார். நோய், நோய் என்று. ஒட்டுகிற நோயில்லை என்றேன். ஊசிப் பெட்டியைத் திறந்து காட்டினேன். ஊசியைக் கண்டதும் மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். வக்குவாவில் இரண்டு பேர் என் மூட்டையைத் தூக்கி நடைமேடையில் வைத்தார்கள். மருந்துச் சீட்டும் காசும் அதில்தான், அதை விட்டு எப்படி உட்கார்ந்திருப்பேன்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். ரயில் போய்விட்டது. ஒருவராவது தலைகுனிந்தாரா என்று பார்த்தேன். இல்லை.

மழை. அடுத்த ரயிலுக்கு இரண்டு மணி நேரம். சந்தைக்கு வெளியே கழுதை வண்டியிலிருந்து காய்கறி இறக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய், "கியூர்பிப் போவணும், பிள்ளை சாவுது" என்றேன். மீதிக் கோஸை அப்படியே தரையில் சரித்துவிட்டு, "ஏறுக்கா" என்றாள். கழுதையை விரட்டி முக்கால் மணி நேரத்தில் கொண்டுவந்து விட்டாள். பெயர்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

கியூர்பிப் மருந்துக்கடைக்காரர் என் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது போன மாசச் சீட்டு. டாக்டர் நாலு மணிக்கு வருவார். புதுசா எழுதி வாங்கிட்டு வா."

தேவகியை அவருடைய மேசைமேலேயே கிடத்தினேன். "நாலு மணிக்கு இவ இருக்க மாட்டா. அப்போ நீயே டாக்டர்கிட்ட சொல்லு, சீட்டு பழசுன்னு!" கடையிலிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அவர் முகம் சிவந்தது. பனிப்பெட்டியைத் திறந்து புட்டியை எடுத்து வைத்தார். அவருடைய அடுப்பிலேயே ஊசியைக் கொதிக்கவைத்து, அங்கேயே போட்டேன்.

பிறகு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். முதல் நாள் மாலை கண் திறந்து, "பசிக்குதும்மா" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வழி கேட்டவர்களுக்கு: கலங்கிய மருந்தைப் போடாதீர்கள், யார் சொன்னாலும். இரண்டு புட்டி கையிருப்பில் இருக்கட்டும். ஈரத்துணி சுற்றிய மண்குவளையில் எடுத்துப் போங்கள். மாதத் தொடக்கத்திலேயே சீட்டைப் புதுப்பியுங்கள். ஊசி போட்ட பிறகு பிள்ளை வியர்த்து நடுங்கினால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். அதுவும் கையில் இருக்க வேண்டும். ரயிலில் ஊசிப் பெட்டியை யாருக்கும் திறந்து காட்டாதீர்கள்.

மூன்றாம் நாள் ரயிலடியில் எங்களை அழைத்துப்போக வந்த கணவரின் அண்ணன் பிள்ளையைப் பார்த்துவிட்டு, "இப்படி எத்தனை நாளைக்கு?" என்றார்.

"அவ இருக்கிற நாள் பூராவும்" என்றேன். "வண்டிய ஓட்டுங்க. ஆறு மணிக்கு ஊசி போடணும்."