வெளிப்பக்கத்துக் கை

அச்சகத்தில் அவளை ஊசிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். புத்தகம் தைப்பது அவள் வேலை. நாக்கும் ஊசி மாதிரிதான் என்பதால் அந்தப் பெயர் அவளை விட்டுப் போகவேயில்லை.

தாள் வெட்டும் இயந்திரம் ஒருநாள் அவள் வலக்கையை மணிக்கட்டோடு வாங்கிக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரியில், விபத்தில் இறந்துபோன ஒரு வாலிபனின் கையை எடுத்து அவளுக்கு வைத்துத் தைத்தார்கள். விரல் மடங்கவே மாதக்கணக்கில் ஆயிற்று. ஆயுள் முழுக்க மாத்திரை. கொஞ்சம் கறுத்த, முடி முளைத்த, அகலமான நகங்கள் கொண்ட கை. "பழைய மோதிரம் சுண்டுவிரல்லகூட ஏறல, வேற என்ன குறை?" என்று தானே முதலில் கிண்டல் செய்து மற்றவர்கள் வாயை அடைத்துவிட்டு, மறுபடி வேலைக்கு வந்து உட்கார்ந்தாள்.

அங்கே தடிப் புத்தகங்களை இரண்டு பேராகத் தைப்பார்கள். தாள்களை நிறுத்தித் தைக்கும் மரச்சட்டத்துக்கு வெளிப்பக்கம் இருப்பவள், மடித்த தாள்களின் முதுகில் ஊசியைக் குத்தி உள்ளே அனுப்புவாள். எதிரில் இருப்பவள் அதை வாங்கித் திருப்பிக் கொடுப்பாள். நாள் முழுக்க விரலும் விரலும் பட்டுக்கொண்டே இருக்கும். வெளிப்பக்கம் ஊசிக்காரி. உள்பக்கம் அவள் நாத்தனார்.

இப்படியிருக்கும்போதுதான் ஒரு திகில் நாவல் அச்சுக்கு வந்தது. பாழடைந்த மாளிகை, ஓயாத இடி மின்னல், கிறுக்குப் பிடித்த டாக்டர் ஒருவர். செத்தவன் கையை உயிரோடு இருப்பவனுக்கு ஒட்டவைக்கிறார். அது தூங்குகிறவர்கள் கழுத்தாகப் பார்த்து நெரிக்கிறது. கடைசியில் ஊரே திரண்டு வந்து டாக்டரையும் கையையும் சேர்த்துக் கொளுத்துகிறது. தாளை மடித்துக்கொண்டே படிப்பது அங்கிருந்த பெண்களின் பழக்கம். படித்தார்கள். பிறகு ஊசிக்காரியின் கையைப் பார்த்தார்கள்.

முதலில் சாப்பாட்டு மேசையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலியானது. அப்புறம் ஊசியை வாங்க நாத்தனார் கை நீட்டவில்லை.

"அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க. ஊசியைக் குத்தி அப்படியே விட்டுடுங்க, நான் எடுத்துக்கறேன். அந்தக் கை என்மேல பட வேணாம்."

"நேத்து வரைக்கும் பட்டுச்சே?"

"நேத்து வரைக்கும் நான் யோசிக்கல."

முதலாளி நல்லவர், அதாவது, வம்புக்குப் பயந்தவர். "கொஞ்ச நாள் கிடங்குல இரும்மா, யார் கண்ணுலயும் படாம," என்றார்.

"தப்பு செஞ்சிருந்தா ஒளிஞ்சுக்கறேன் சார். என்ன செஞ்சேன்?"

அவர் கணக்கு நோட்டைப் புரட்டத் தொடங்கினார். கிடங்குக்குப் போனால் இந்த இடம் திரும்பக் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். கை போனபோதுகூட அழாதவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. சட்டத்தைப் பக்கவாட்டில் திருப்பிவைத்துக்கொண்டாள். வலக்கை வெளியே, இடக்கை உள்ளே. இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகச் செய்தாள், அதுவும் அதே நாவலை. தையல் மெதுவாகத்தான் நகர்ந்தது. நகரட்டுமே, யாருக்கு என்ன அவசரம்!

முதல் பிரதியை வாங்கிப்போக எழுத்தாளர் வந்தார். ஊசிக்காரி எழுந்து போய், வேண்டுமென்றே வலக்கையால் புத்தகத்தை நீட்டினாள். அந்தக் கையையும் மணிக்கட்டுத் தழும்பையும் பார்த்ததும் எழுத்தாளரின் கை பாதி வழியில் நின்றது. அறையில் யாரும் வேலை செய்யவில்லை.

"வாங்கிக்குங்க சார். இதைத் தைச்ச கை இதுதான்."

"அது வெறும் கற்பனைதாம்மா..."

"உங்களுக்குக் கற்பனை. எனக்குப் பக்கத்து நாற்காலி காலி. இந்தக் கையைப் பெத்தவங்க ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. கட்டைவிரல்ல ஒரு பழைய தழும்பு இருக்கு, அதைத் தேடிப் பாத்து முத்தம் குடுத்துட்டுப் போனாங்க. அந்தம்மாவுக்கு இது பேயா? கால் கடுக்க நின்னு தைச்சாங்களே டாக்டருங்க, அவங்களுக்குக் கிறுக்கா? கொளுத்தணும்னா வாங்க. நான் இங்கதான் உக்காந்திருப்பேன்."

புத்தகம் கனத்தது. அப்போதும் கையை இறக்கவில்லை. எழுத்தாளர்தான் வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

திரும்பி வந்தபோது நாத்தனார் சட்டத்துக்கு எதிரில், தன் பழைய இடத்தில், குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஊசியைக் குடுங்க அண்ணி."

"எந்தக் கையால?"

"அந்தக் கையாலதான்."

ஊசிக்காரி ஊசியைப் பிடித்தபடியே இருந்தாள். "அது யார் கைன்னு சொல்லிட்டு வாங்கிக்க."

நாத்தனார் நிமிர்ந்தாள். "உங்க கை, அண்ணி."

ஊசி உள்ளே போனது. விரலில் விரல் பட்டது.