சுவர் முடியும் ஊரில் ஒரு கல்

வால்ஸெண்ட் மெட்ரோ நிலையத்தில் இறங்குகிறவர்கள் யாரும் அங்கே தொங்கும் பலகைகளை நிமிர்ந்து பார்ப்பதில்லை. புகை பிடிக்காதீர், வெளியே செல்லும் வழி என்று எல்லா ரயில் நிலையங்களிலும் இருக்கிற அறிவிப்புகள்தான். ஆனால் இங்கே ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் எழுதியிருக்கும். முதல் வருடம் முழுவதும் இந்த ஊரில் இத்தாலிக்காரர்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சமையல் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒருநாள் இதைக் கேட்டபோது, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அது லத்தீனாம். ஒரு காலத்தில் ரோமானியர்களின் கோட்டை இந்த ஊரில் இருந்ததால் அதன் நினைவாக அப்படி எழுதி வைத்திருக்கிறார்களாம். உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் ‘இங்கே எச்சில் துப்பாதீர்’ என்பதைப் பல்லவர் காலத்து எழுத்தில் எழுதி வைத்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். துப்புகிறவர்கள் நிம்மதியாகத் துப்புவார்கள்.

ஊரின் பெயருக்கே ‘சுவரின் முடிவு’ என்றுதான் பொருள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆங்கிலேயர்களுடைய இந்தத் தீவின் குறுக்கே கடலிலிருந்து கடல்வரை ரோமானியர்கள் கட்டிய காவல் சுவர், கிழக்கே எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி முடிகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் பக்கமாகத்தான் மாதா கோவிலுக்குப் போவோம். நானோ என் மனைவி சகாயமேரியோ ஒருநாள்கூட நின்று பார்த்ததில்லை. நான் அதைப் பார்க்கப் போனது அவள் இறந்த பிறகுதான். போன காரணம் சரித்திர ஆசை அல்ல. அவள் கல்லறைக்கு எந்தக் கல்லை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மேரிக்கு உத்திரமேரூர் பக்கம் திருப்புலிவனம். எனக்கு மானாம்பதி. இரண்டு வீட்டிலும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு, அறுத்து, களத்தில் போரடித்துப் பிழைத்தவர்கள்தான். அவளுடைய அப்பா மட்டும் விவசாயக் கூலியை விட்டுவிட்டுக் கல்குவாரிக்குப் போனார். கருங்கல் உடைக்கும் வேலை. நாற்பது தாண்டுவதற்குள் நெஞ்சில் தூசு அடைந்து இருமியே போய்ச் சேர்ந்தார். மேரி செங்கல்பட்டில் நர்ஸிங் படித்ததற்கு அந்த இருமல்தான் காரணம் என்று சொல்வாள். அவளுக்கு இங்கே மருத்துவமனை வேலை கிடைத்து, அவளுடைய விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். காஞ்சிபுரத்தில் ஓட்டலில் கரண்டி பிடித்த கை இங்கே வந்து உருளைக்கிழங்கு மசிக்கக் கற்றுக்கொண்டது. எங்கள் மகள் ஜெனி இங்கேதான் பிறந்தாள்.

வசந்தம் தொடங்கிய ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும்போது தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள் மேரி. மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது. அவளோடு வேலை செய்தவர்களே அவளைப் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் போய்விட்டாள். உடலை ஊருக்கு அனுப்பும் ஏற்பாடுகளைப் பற்றிக் கோவில் நண்பர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, ஜெனி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். “அம்மாவ பஸ்ல போயி பாக்கிற மாதிரி வைங்க அப்பா.” இங்கேயே அடக்கம் செய்தோம். திருப்புலிவனத்தில் மேரியின் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், அடக்கத்தைக் கைப்பேசித் திரையில் பார்த்தார். “எம் பொண்ண அந்தக் குளிர்ல பொதச்சிட்டியே நைனா” என்றார். அதன் பிறகு நான் பேசினால் போனை மகனிடம் கொடுத்துவிடுவார்.

மண் இறுகட்டும் என்று சில மாதம் காத்திருந்து, கல் செதுக்கும் அலிசன் என்ற பெண்மணியைப் பார்க்கப் போனேன். அவருடைய பட்டறை முற்றத்தில் பளபளக்கும் கருங்கல் பலகைகளை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார். பெரும்பாலோர் இதைத்தான் விரும்புகிறார்கள், எழுத்து மங்கவே மங்காது என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, எனக்குச் சந்தோஷமான செய்தி சொல்கிறவர் போல, “இது உங்கள் நாட்டிலிருந்துதான் வருகிறது” என்றார். தென்னிந்தியாவில் வெட்டி, கப்பலில் ஏற்றி வருகிறதாம். ஊர்க் கல்லின் அடியில் மேரி உறங்குவாள் என்று நினைத்தபோது எனக்கும் அது சரியென்றே பட்டது. அன்றைக்கே அத்தையை அழைத்து, போனைக் கைமாற்றுவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

இந்த முறை அவர் போனை மகனிடம் கொடுக்கவில்லை.

“கருங்கல்லா? வோணாம் நைனா. அத்த ஒடச்சிக்கினு இருந்துதான் அவங்கப்பன் போயிட்டாரு. அத்தத் தூக்கி இவ நெஞ்சு மேல வெக்கப் போறியா?”

சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். கோபமானாலும் பல மாதங்களுக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. மறுநாள் அலிசனிடம் வேறு கல் கேட்டேன். இந்தப் பக்கத்து மணற்கல்லைக் காட்டினார். தேன் நிறம், தொட்டால் சற்றுச் சொரசொரப்பு. ஆனால் மழையும் உப்புக்காற்றும் அரிக்கும், உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில் எழுத்தைத் தடவித்தான் படிக்க வேண்டியிருக்கும் என்றார். “எவ்வளவு காலம் தாங்கும் என்று பார்க்க வேண்டுமானால் உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறதே, போய்ப் பாருங்கள். அந்தச் சுவரும் மணற்கல்தான்.”

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை ஜெனியோடு சுவரைப் பார்க்கப் போனேன். செங்கல்பட்டுக் கோட்டை மதிலைப் பஸ்ஸிலிருந்து பார்த்துப் பழகிய கண் எனக்கு. பேரரசர் கட்டிய சுவர் என்றால் அண்ணாந்து பார்க்கும்படி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். மூடிப்போன கப்பல் கட்டும் தளத்துக்கும் குடியிருப்புகளுக்கும் நடுவே, புல்லில், முழங்கால் உயரத்துக்குக் கல் வரிசை கிடந்தது. அவ்வளவுதான். எப்படி இருந்திருக்கும் என்று காட்டப் பக்கத்தில் புதிதாக ஒரு துண்டு உயரமாகக் கட்டி வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால்தான் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் பழைய கற்களுக்குப் பக்கத்தில் குனிந்தேன். அங்கே வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் பிரையன் என்ற முதியவர் நின்றிருந்தார். கல்லைத் தொடலாமா என்று கேட்டேன்.

“வை ஐ!” என்றார்.

ஆங்கிலத்தில் ‘ஏன்’ என்பதற்கான ‘ஒய்’ என்றே என் காதில் விழுந்தது; ஏன் தொட வேண்டும் என்று காரணம் கேட்கிறார் என்று நினைத்தேன். அதனால் காரணத்தைச் சொன்னேன். என் மனைவி இறந்துவிட்டாள், அவளுக்குக் கல் வைக்க வேண்டும், கருங்கல் அவள் அம்மாவுக்கு ஆகாது, இந்தக் கல் மழையில் எவ்வளவு தாங்கும் என்று தெரியவேண்டும், அதனால்தான் தொட்டுப் பார்க்கக் கேட்டேன். என்னுடைய உடைந்த ஆங்கிலத்தில் மூச்சு விடாமல் சொல்லி முடித்தபோது அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ஜெனி என் சட்டையை இழுத்தாள். “அப்பா, அவர் ‘தாராளமா’ன்னு சொன்னார். இங்க அப்படித்தான் சொல்வாங்க.” இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் எனக்கு அது தெரியவில்லை. வெட்கத்தோடு கல்லில் கை வைத்தேன். குளிர்ந்திருந்தது. ஓரங்கள் மழுங்கியிருந்தாலும் உளி விழுந்த தடம் விரலுக்குத் தட்டுப்பட்டது.

அதன்பிறகு பிரையன் எங்களை விடவில்லை. சுவரின் கதையை எங்களுக்கு மட்டுமாக நடந்து நடந்து சொன்னார். எதிரியைத் தடுக்க மட்டும் கட்டியதல்ல இது என்றார். வழி நெடுக, ஒரு மைலுக்கு ஒன்றாக வாசல்கள் வைத்திருக்கிறார்கள். யார் வருகிறார்கள், என்ன கொண்டு வருகிறார்கள் என்று பார்த்து, வேண்டியவரை உள்ளே விட்டிருக்கிறார்கள். விமான நிலையத்தில் கைரேகை வைத்துவிட்டு நானும் மேரியும் நின்ற வரிசை எனக்கு நினைவு வந்தது. காவலுக்கு நின்றவர்கள் பெரும்பாலும் ரோம் நகரத்து ஆட்களே இல்லையாம். சிரியாவிலிருந்து வில்லாளிகள், டைக்ரிஸ் ஆற்றிலிருந்து படகோட்டிகள், ஆப்பிரிக்காவிலிருந்து குதிரை வீரர்கள். வெயிலில் பிறந்தவர்களைக் கொண்டுவந்து இந்தக் காற்றில் நிறுத்தியிருக்கிறார்கள். பேரரசு போனதும் சுவரைச் சுற்றியிருந்த குடியானவர்கள் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போய் வீடு கட்டினார்கள், கோவில் கட்டினார்கள், தொழுவம் கட்டினார்கள். சுவர் குட்டையானது அதனால்தான். அதைச் சொல்லும்போது பிரையனுக்கு வருத்தமே இல்லை. எனக்கும் அது நல்ல முடிவாகவே தோன்றியது.

நானும் மேரியும் சேர்ந்து பார்த்த பழைய சுவர் ஒன்றே ஒன்றுதான். கல்யாணமான புதிதில், செங்கல்பட்டு பஸ் வரும்வரை பொழுது போக்க உத்திரமேரூர் பெருமாள் கோவில் மண்டபத்துக்குள் நுழைந்தோம். ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சோழர் காலத்தில் வெட்டிவைத்த சுவர். பாடப் புத்தகத்தில் படித்துப் பெருமைப்பட்டதுதான். வெளியே இருந்த பலகையை மேரி நிதானமாகப் படித்தாள். வரி கட்டும் சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ளவன் பெயரைத்தான் குடத்தில் போடலாம் என்று அதில் இருந்தது. “அப்ப நம்பாளுங்க பேரு இந்தக் குடத்துலயும் இல்ல, இந்தக் கல்லுலயும் இல்ல” என்று சிரித்தாள். அவளுடைய அப்பாவுக்கு நட்ட மரச்சிலுவையையும் அதற்குள் கரையான் அரித்துவிட்டிருந்தது. கல்லறைத் திருநாளுக்கு அத்தை ஒரு குத்துமதிப்பான இடத்தில்தான் மெழுகுவர்த்தி ஏற்றுவார். எங்கள் இரண்டு குடும்பத்திலும் கல்லில் பெயர் பெறப்போகிற முதல் ஆள் மேரிதான் என்று அந்தச் சுவரின் பக்கத்தில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

பிரியும்போது பிரையன், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கோட்டையில் ஒரு கல் இருக்கிறது, அதை நீங்கள் பார்க்கவேண்டும் என்றார். படகில் ஏறி டைன் ஆற்றைக் கடந்து சௌத் ஷீல்ட்ஸ் போனோம். சின்ன அருங்காட்சியகம். சிரியாவிலிருந்து இந்தச் சுவர்ப் பக்கம் வந்து பிழைத்த ஒருவன் தன் மனைவிக்கு வைத்த கல்லறைக் கல் அங்கே இருந்தது. பிரம்பு நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பக்கம் நகைப்பெட்டி, இன்னொரு பக்கம் நூல் கூடை. முகம் மட்டும் உடைந்துபோயிருக்கிறது. இந்தத் தீவில் பிறந்து அவனிடம் அடிமையாக இருந்தவள். விடுதலை கொடுத்து மணந்துகொண்டான் என்று எழுதியிருந்தது. அடிமையாக இருந்தபோது அவள் என்ன நினைத்தாள் என்பதைச் சொல்ல எந்தக் கல்லும் இல்லை. முப்பது வயதில் இறந்திருக்கிறாள். மேலே லத்தீனில் விவரங்கள். அதில் பிழைகள் உண்டு என்று அங்கிருந்த பெண் சொன்னார். அடியில், அவனுடைய சொந்த எழுத்தில் ஒரே வரி. அது மட்டும் தங்குதடையில்லாமல், வளைந்து வளைந்து, பழகிய கையால் வெட்டியது போல ஓடியது. இவள் பெயரும், இன்னாரால் விடுதலை பெற்றவள் என்பதும், கடைசியில் ‘ஐயோ’ என்ற ஒரு சொல்லும்தான் அந்த வரி. இந்த ஊரில் அன்றைக்கு அதை எத்தனை பேரால் படித்திருக்க முடியும்? நான் ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன். ஜெனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நம்மளும் தமிழ்ல போடலாம்பா” என்றாள்.

என்ன எழுதுவது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அத்தைதான் சொல்லவேண்டும். அழைத்தேன். போனைக் கொடுத்துவிடாதீர்கள் என்று முதலிலேயே கெஞ்சினேன். மணற்கல் என்றேன், அதில் ஒரு வரி நம் பாஷையில் போடப்போகிறோம், நீங்கள் சொன்னால்தான் போடுவேன் என்றேன்.

“எனுக்கு இன்னா நைனா தெரியும், எய்தப் படிக்கத் தெரியாதவ.”

“நீங்க வாயால சொல்லுங்க அத்த. நான் எழுதிக்கிறேன்.”

அத்தை கோபத்தோடு வெடித்தார். “அவ அங்க கீறான்னு எல்லாரும் சொல்லிக்கினு கீறீங்க. அவ ஒண்ணும் அங்க இல்ல. தெனமும் காலைல வூட்டத் தொறந்தா வாசல்ல நிக்கறா. இங்கதான் கீறா. போ, அத்தயே எயுது.”

‘இங்கேதான் இருக்கிறாள்’ என்று திருத்தி எழுத ஒரு நொடி பேனா போயிற்று. நிறுத்திக்கொண்டேன். அவர் வாயில் வந்தபடியே, ‘இங்கதான் கீறா’ என்று பெரிய எழுத்தில் எழுதி அலிசனிடம் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து அலிசன் அழைத்தார். இரண்டு எழுத்தின் தலையில் புள்ளி இருக்கிறதே, அது பேனா மை சிந்தியதா, அல்லது செதுக்க வேண்டுமா என்று கேட்டார். செதுக்கியே ஆகவேண்டும் என்றேன். அது என்ன செய்யும் என்று ஆர்வமாகக் கேட்டார். புள்ளி வைத்தால் எழுத்திலிருந்து உயிர் போய்விடும், மெய் மட்டும் நிற்கும், எங்கள் மொழியில் மெய் என்றால் உடம்பு என்று விளக்கிக்கொண்டே வந்தவன், பாதியில் நிறுத்திவிட்டேன். “கவனமாகச் செதுக்குகிறேன்” என்று மட்டும் சொன்னார். சொன்னபடியே செய்தார். அந்தச் சிரியாக்காரனுக்கு அடுத்தவர் மொழியில்தான் பிழை வந்தது. எங்கள் கல்லில், தமிழ் தெரியாத ஒருத்தியின் உளியிலிருந்து தமிழ் பிழையில்லாமல் வந்திருந்தது.

கல் நட்ட அன்று வெயில் அடித்தது. மேலே ஆங்கிலத்தில் அவள் பெயர், கீழே அந்த வரி. அத்தையை வீடியோவில் அழைத்தேன். கல்லைப் பார்த்தார், நிறத்தைப் பார்த்தார். “களத்து மண்ணாட்டம் கீது” என்றார். கீழே இருப்பதைப் படித்துக்காட்டச் சொன்னார். நான் படித்தேன்.

“இங்கதான் கீறா.”

அவருடைய சொல்லே அவருக்குப் புதிதாகக் கேட்டது போல நெற்றியைச் சுருக்கினார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அதை எடுத்துவிட்டுக் கேட்டார்.

“இங்கன்னா எங்க நைனா?”

அதில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஜெனி என்னிடமிருந்து கைப்பேசியை வாங்கி, அவளுடைய ஆயா எங்களைப் பார்க்கும்படி கல்லின் அடியில் சாய்த்து வைத்துவிட்டுப் புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். திரையில் திருப்புலிவனத்து வாசலும், கொடியில் காயும் புடவையும், படியில் அத்தை உட்கார்ந்திருப்பதும் தெரிந்தன. யாரும் போனை வைக்கவில்லை. அங்கே பொழுது சாய்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசல் இருட்டிக்கொண்டு வந்தது. எங்களைச் சுற்றிப் பகல் இன்னும் நிறைய இருந்தது.