அருவிக்கடியில் போட்ட தீர்மானம்

ஒரு சங்கத்தை ஆரம்பிப்பதைவிடக் கலைப்பதுதான் பெரும்பாடு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செயலாளர் பதவிப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

குற்றாலத்தில் தினமும் விடிகாலையில் குளிக்கிற பத்துப் பேர் சேர்ந்து பதிவு செய்த சங்கம் அது. அருவியில் வழுக்கி விழுகிறவர்களைத் தூக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். சொத்து என்று இருந்தது ஒரு சக்கர நாற்காலி, ஒரு ஸ்ட்ரெச்சர். இப்போது சீசனில் ஆம்புலன்ஸே பக்கத்தில் நிற்கிறது. வேலையில்லாத சங்கத்துக்கு வருஷா வருஷம் பதிவாளருக்குக் காகிதம் அனுப்பி எனக்குச் சலித்துவிட்டது.

பொதுக்குழுவை வழக்கம்போல அருவியிலேயே கூட்டினோம். கலைப்புத் தீர்மானத்தை நான் தண்ணீருக்குள் நின்று கத்தினேன். எல்லாரும் கை தூக்கினார்கள். ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதிவிட்டேன்.

எங்களில் சுரண்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிற அண்ணாச்சி, அந்தத் தீர்மானம் செல்லாது என்று தென்காசி கோர்ட்டில் மனுப் போட்டுவிட்டார்.

"தண்ணி வேகத்துக்குக் கையத் தூக்கித் தலைய மறைச்சேன், ஐயா. இவரு அத ஓட்டுன்னு எழுதிட்டாரு" என்றார் நீதிபதியிடம்.

"தீர்மானம் எல்லாருக்கும் கேட்டதா?" என்று நீதிபதி என்னைக் கேட்டார்.

"எனக்கே கேக்கல, ஐயா."

கோர்ட்டே சிரித்தது. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை.

"வீட்டுல நான் ஒத்தையாளு. ஒருநாள் வரலேன்னா சங்கத்துல இருந்து போன் போடுதாங்க. கலைச்சிட்டா என்னய யாரு தேடுவா?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. காகிதத்தை நினைத்த நான் இந்த மனுஷனை நினைக்கவே இல்லை.

ஒரு வக்கீலின் மேற்பார்வையில், தண்ணீர் இல்லாத இடத்தில், மறுபடி கூட வேண்டும் என்று உத்தரவானது. கலைந்தால் பொருட்களை நாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் கொடுக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் கூடினோம். ஒன்பதுக்கு ஒன்று என்று கலைப்பு நிறைவேறியது; வெட்கப்பட்ட நானும் கலைக்கத்தான் கை தூக்கினேன். கோர்ட்டும் ஏற்றுக்கொண்டது. அண்ணாச்சி யாரிடமும் பேசாமல் பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவர் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. ஒன்பது பேரும் குளிக்காமலேயே ஒரு வேனைப் பிடித்துச் சுரண்டைக்குப் போய்க் கதவைத் தட்டினோம்.

"சங்கந்தான் கலைஞ்சிட்டே, பிறகு எதுக்கு வந்திய?" என்றார்.

"நீங்க வரலையே, அண்ணாச்சி."

அவர் உள்ளே போய்த் துண்டை எடுத்துக்கொண்டு வேனில் ஏறினார். குற்றாலம் வரும்வரை என்னைத் திட்டித் தீர்த்தார். நானும் சந்தோஷமாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.