யுகாருவின் குரல்காரி

உத்தனப்பள்ளியில் ராயக்கோட்டை ரோட்டை ஒட்டி வரிசையாக ஐந்து வாடகை வீடுகள். இரண்டாவதில் நான் இருக்கிறேன். மூன்றாவதில் தமிழ்செல்வி மூன்று வருடம் இருந்தாள். அந்த மூன்று வருடமும் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. எங்களில் யாருக்குமே பிடிக்கவில்லை. குழாயடியில் நின்றால் ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். அருப்புக்கோட்டையிலிருந்து பிழைக்க வந்தவளுக்கு இத்தனை திமிரா என்று பேசிக்கொள்வோம், அவள் காதில் விழும்படியே.

காரணம் திமிர் இல்லை, குரல் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. முப்பத்துமூன்று வயதுப் பெண்ணுக்குப் பத்து வயதுப் பையனின் குரல். செல்போன் பாகங்கள் பொருத்தும் கம்பெனியில் அவளுக்கு வேலை. அங்கே அவள் வாயைத் திறந்தால் பக்கத்து லைன் வரைக்கும் சிரிப்பு போகும். சூப்பர்வைசர் அவளைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவானாம். அதனால் வாயை மூடிக்கொண்டாள். கம்பெனி பஸ்ஸிலும் மூடிக்கொண்டாள், எங்களிடமும் மூடிக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முன் அதே குரலில்தான் சம்பாதித்தாள். சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவில் போன் எடுத்துப் பேசும் வேலைக்குப் போனவள். ஒரு நாள் பையன் குரல் பேசவேண்டியவர் வரவில்லை. இவளை மைக் முன்னால் நிறுத்தினார்கள். அப்புறம் நான்கு வருடம் அந்த மைக்கை விட்டு நகரவில்லை.

ஜப்பான் கார்ட்டூன் தொடர் ஒன்று. அதில் யுகாரு என்று ஒரு பணக்காரப் பள்ளிக்கூடப் பையன். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஹெலிகாப்டரில் பள்ளிக்கு வருவான். பை தூக்க ஒரு ஆள், குடை பிடிக்க ஒரு ஆள். கூடப் படிக்கிற பிள்ளைகளைப் பார்த்தால், "தள்ளி நில்லு, உன் தூசி என்மேல படுது" என்பான். சொல்லிவிட்டு மூக்கால் ஒரு இழுப்புச் சிரிப்பு. தமிழ்நாட்டில் அந்தச் சேனல் பார்க்கிற குழந்தைகள் எல்லாருக்கும் அந்தச் சிரிப்பு தெரியும். பேசியது ஒரு பெண் என்று தெரியாது. அவள் பெயர் எங்கேயும் போடப்படவில்லை.

கல்யாணத்தோடு அந்த வேலை நின்றது. மகளைப் பள்ளியில் சேர்க்கிற வயதில் புருஷன் சௌந்தரராஜனுக்கு ஓசூரில் பிட்டர் வேலை கிடைத்து இங்கே வந்தார்கள். மகள் பிரவீனா அரசுப் பள்ளியில் மூன்றாவது படித்தாள்.

எங்கள் வீட்டு ஓனர் கோவிந்தப்பன். தக்காளி விளைந்த நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, எங்கள் வரிசைக்கு முன்னாலேயே மாடிவீடு கட்டிக்கொண்டவர். இரண்டு பக்கத்துக்கும் ஒரே கேட். அவருக்கும் சரோஜம்மாவுக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பிறந்தவன் ஸ்ரீராம். அவனுக்குப் பதினொரு வயது. ஏசி பஸ் வைத்த பள்ளிக்கூடம், பேட்டரியில் ஓடும் வண்டி, கையில் எப்போதும் அப்பாவின் போன். அந்தப் போனில் எப்போதும் யுகாரு.

வாடகைவீட்டுப் பிள்ளைகளை அவன் வரிசையாக நிற்கவைப்பான். ஜப்பான்காரர்கள் மாதிரிக் குனிந்து கும்பிடச் சொல்வான். அம்மாவின் வெள்ளைக் கையுறை, ஸ்கூட்டர் ஓட்டும்போது போடுவது, அதை மாட்டிக்கொண்டு நடுவில் நடப்பான். எங்களுக்கு எரியும். ஆனால் எங்கள் குழாய்க்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் சுவிட்ச் சரோஜம்மா வீட்டுக்குள் இருந்தது. ஒருவரும் வாய் திறக்கமாட்டோம்.

அன்றைக்கு ஐப்பசித் தூறல். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். பிரவீனா நாலரைக்குப் பள்ளியிலிருந்து வந்தாள். ஸ்ரீராம் கேட்டை உள்ளே தாழ் போட்டுவிட்டு நின்றான்.

"நான் தூசின்னு சொல்லு. தொறக்கறேன்."

"ஆத்தா வரட்டும், சொல்லிக்குடுக்கேன்."

"தள்ளி நில்லு. உன் தூசி என்மேல படுது."

பிள்ளைகள் விளையாட்டு என்று நான் மிஷினை மிதித்தேன். ஒரு கை தைத்து முடித்தேன். இன்னொரு கையும் முடித்தேன். பார்க்கவில்லை என்று பிற்பாடு சொன்னேன், அது பொய். இரண்டு மூன்று தடவை நிமிர்ந்து பார்த்தேன். பை தலைமேல் இருந்தது. சீருடை உடம்போடு ஒட்டியிருந்தது.

கம்பெனி பஸ் ஐந்தரைக்கு வந்து நின்றது. தமிழ்செல்வி இறங்கி நடந்து வரும்போது பிள்ளை தோற்றுப்போயிருந்தாள். "நான் தூசி. நான் தூசி. தொற," என்று அழுதுகொண்டிருந்தாள். உள்ளேயிருந்து அந்த மூக்குச் சிரிப்பு.

தமிழ்செல்வி ரோட்டிலேயே நின்றுவிட்டாள். அவள் ஓடிவராதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏன் என்று வீட்டைக் காலிசெய்வதற்கு முன்னால் அவளே சொன்னாள். அந்தத் தூசி வசனம் ஜப்பானிலிருந்து வந்தது இல்லை. ஸ்டூடியோவில் கொடுத்த தாளில் "தள்ளி நில்லு" என்று மட்டும்தான் இருந்தது. அதைச் சொல்லி முடித்த பிறகும் திரையில் யுகாருவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. அந்த இடைவெளியை நிரப்ப அவளாகச் சேர்த்துச் சொன்னது அது. எல்லாரும் கைதட்டினார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு கதையிலும் அதைக் கேட்டு வாங்கினார்கள். அவள் எங்கே மூச்சு வாங்கினாளோ, அதே இடத்தில் ஸ்ரீராமும் மூச்சு வாங்கினான்.

அவள் கேட் அருகே வந்தாள். மகளைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு பேசினாள். மூன்று வருடத்தில் நாங்கள் கேட்காத குரல்.

"டேய். கேட்டைத் திற."

ஸ்ரீராம் வாயைப் பிளந்தான். முகமெல்லாம் சந்தோஷம். "யுகாரு!" என்று கத்தினான். "ஆன்ட்டி, நீங்க யுகாரு மாரியே பேசறீங்க!"

"மாதிரி இல்ல. நான்தான். திற."

அவன் திறந்தான்.

"வெளிய வா."

வந்தான். அவள் பிரவீனாவை உள்ளே விட்டு, தானும் உள்ளே போய், தாழைப் போட்டாள்.

"இப்ப நீ சொல்லு. நான் தூசின்னு."

அவனுக்கு முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. சிரித்துக்கொண்டே சொன்னான். அவள் சிரிக்கவில்லை. "இன்னொரு வாட்டி," என்றாள். இரண்டாவது தடவை சிரிப்பு பாதியில் நின்றது. "கேக்கல. சத்தமா." மூன்றாவது தடவை அவன் உதடு நடுங்கியது. தூறல் வலுத்திருந்தது. அவள் கம்பியைப் பிடித்தபடி நிதானமாகச் சொன்னாள்: "தள்ளி நில்லு. உன் தூசி என்மேல படுது."

பையன் வெடித்து அழுதான். உள்ளே நின்ற பிரவீனா சிரித்தாள். மூக்கால், இழுத்து, அவன் சிரித்த அதே சிரிப்பு. தமிழ்செல்வி திரும்பி மகளைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கம்பியை விட்டுவிட்டுத் தாழைத் தேடிய அவள் கை வழுக்கிக்கொண்டே இருந்தது.

அதற்குள் சரோஜம்மா மாடிப்படியில் இறங்கிவிட்டாள். "ஏமண்டி, இங்க வாங்க! நம்ம புள்ளைய வெளிய தள்ளிப் பூட்டிகினு நிக்கிறா!"

கோவிந்தப்பன் வந்தார். பையனைத் தூக்கிக்கொண்டார். குரலை உயர்த்தவேயில்லை.

"என் கேட்டுக்கு வெளிய என் பையனையே நிக்க வெச்சிட்ட."

"ஒங்க பையன் எம்பிள்ளைய ஒரு மணி நேரம் மழையில நிக்கவச்சான், சார்."

"சின்னப் பையன் வெளாடுவான். உனக்கு எத்தினி வயசு?" என்றவர் எங்கள் வீடுகளைப் பார்த்தார். "சத்யா, நீ இங்கதான இருந்த. அந்தப் பொண்ணு வெளிய நின்னுச்சா?"

"நான் தெச்சிகினு இருந்தேங்க. பாக்கல."

தமிழ்செல்வி என் ஜன்னலைப் பார்த்தாள். மற்ற வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

பத்து நாளில் வீட்டைக் காலிசெய்யச் சொன்னார்கள். மறுநாளே மூன்றாவது வீட்டுக்குப் போகிற குழாயை மட்டும் அடைத்துவிட்டார்கள். எங்கள் குழாயில் வந்தது. ஒரு குடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதை வாங்கி வாசலிலேயே கவிழ்த்தாள். அப்போதுதான் அந்த வசனத்தின் கதையைச் சொன்னாள். எனக்குப் புரியவேண்டும் என்று சொன்ன மாதிரி இல்லை. யாரிடமாவது திட்டு வாங்கவேண்டும் போலச் சொன்னாள்.

சௌந்தரராஜன் தினமும் சத்தம்போட்டான். "போயி மன்னிப்புக் கேட்டா என்ன கொறஞ்சிபோவ? பிள்ள படிப்பு பாதியில நிக்கிது."

"பையங்கிட்டக் கேக்கேன். அவுகக்கிட்டக் கேக்கமாட்டேன்."

கேட்கவும் செய்தாள். மாடிவீட்டு ஜன்னலில் ஸ்ரீராம் தனியாக உட்கார்ந்திருந்த நேரம் பார்த்துப் போய், கீழே நின்று, "நான் செஞ்சது தப்புடா கண்ணு," என்றாள்.

"யுகாரு குரல்ல சொல்லுங்க," என்றான் அவன்.

"அந்தக் குரல்ல மன்னிப்பு வராதுடா."

அவன் ஜன்னலைச் சாத்திக்கொண்டான்.

ஒரு சின்ன வேனில் சாமான் ஏற்றிப் போச்சம்பள்ளிப் பக்கம் போனார்கள். அங்கே தொழிற்பேட்டையில் அவளுக்கு வேறு கம்பெனி. சௌந்தரராஜன் ஓசூரிலேயே ரூம் எடுத்துத் தங்கி, வாரம் ஒரு நாள் போய்வந்தான்.

போன சித்திரையில் ஒரு கல்யாணத்துக்காகப் பாரூர் போனேன். திரும்பும்போது போச்சம்பள்ளி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். சீருடைக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. பக்கத்தில் இரண்டு பெண்களோடு பேசிக்கொண்டிருந்தாள். அதே பையன் குரல்தான். அவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். நான் கிட்டப் போனதும் பேச்சு நின்றது.

பிரவீனா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறாள் என்றாள். ஸ்டூடியோவிலிருந்து கூப்பிட்டார்கள் என்றும் சொன்னாள். புதிய கதைகள் வருகின்றனவாம், யுகாருவுக்கு இவள் குரலே வேண்டுமாம்.

"அந்தத் தூசிப் பேச்ச எடுத்துட்டா வாரேன்னேன். அதுக்காகத்தான் பிள்ளைக பாக்குதுன்னாங்க. வைங்க போனன்னுட்டேன். வேற யாரோ பேசுதாங்களாம்."

"நல்லதுதான் செஞ்ச," என்றேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நல்லதா? அன்னைக்கு நீங்க பாத்தீங்க, சத்யாக்கா. மூணு வாட்டி நிமிந்து பாத்தீங்கன்னு எம்மவ எண்ணிச் சொன்னா."

அவர்கள் கம்பெனி பஸ் வந்தது. அந்தப் பெண்கள் இருவரும் ஏறி அவளுக்கு ஜன்னலோர இடம் பிடித்தார்கள். அவள் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.