பாலத்தைப் பாதுகாத்த இரும்புத்தூண்

எங்கள் ஊர்ச் சானல் வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு பழைய மரப்பாலம் உண்டு, ஓட்டுக்கூரையோடு. யாரோ வீடு கட்டத் தொடங்கி, சுவர் வைக்க மறந்துவிட்டதுபோல் இருக்கும். இக்கரைப் பாதிக்கு ஓடு மாற்றுவது சர்ச்காரர்கள். அக்கரைப் பாதிக்கு அய்யாவழிக்காரர்கள். எதிர்ப்பாதி எப்போது ஒழுகும் என்று இரு கரையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கும். அந்தப் போட்டியில்தான் பாலம் இத்தனை காலம் பிழைத்தது.

என் வீட்டுக்காரருக்கு என்னைவிட அந்தப் பாலத்தின்மேல்தான் பிரியம். கல்ஃபில் சாரத்திலிருந்து விழுந்து, வீல்சேரில் திரும்பி வந்தவர். ஆட்டோ அக்கரையோடு நின்றுவிடும். பாலத்தைத் தாண்டினால்தான் அவருக்கு ஆசுபத்திரி, சாயாக்கடை எல்லாம். இதை இடித்துக் கான்கிரீட் பாலம் போட்டால் ஆட்டோ முற்றத்துக்கே வரும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். மனுசன் சந்தோஷப்பட வேண்டாமா? ஊர்க்கூட்டத்தில் போய்ச் சண்டை பிடித்தார்.

"கூரை ஆளு நனையாம இருக்கதுக்குன்னா நெனச்சிய? பலகை நனையாம இருக்கதுக்காக்கும். அதான் அயினிப் பலகை இன்னும் உளுக்காம கெடக்கு."

"ஆட்டோ வந்தா உமக்குத்தானவே சௌரியம்?" என்றார் ஒருவர்.

"எனக்க சௌரியத்துக்கு அத இடிக்கவா?"

ஜெயித்துவிட்டார். பிறகு டவுனிலிருந்து புராதனச் சின்னப் பாதுகாப்புக் குழு வந்தது, தொப்பியும் கேமராவுமாக. பொய் சொல்லக்கூடாது, வேலையை நன்றாகத்தான் செய்தார்கள். பலகைக்கு எண்ணெய் பூசி, ஓடெல்லாம் மாற்றி, இரு பாதியையும் ஒரே நிறமாக்கினார்கள். ஊரில் வம்பளக்க விஷயமில்லாமல் போயிற்று. திறப்பு விழாவுக்கு முந்தின நாள், பைக் ஏறிப் பலகை கெட்டுவிடும் என்று இரு வாசலிலும் நட்டநடுவே ஓர் இரும்புத்தூணை நிறுத்தினார்கள். பைக் போகாது. வீல்சேரும் போகாது. அவ்வளவு பாதுகாப்பு.

ரிப்பன் வெட்டும் சிறப்பு விருந்தினர் யார் என்கிறீர்கள்? என் வீட்டுக்காரர்தான். பொன்னாடை போர்த்திக் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள். வெட்டினார். கைதட்டிவிட்டு எல்லோரும் தூணுக்கு இப்புறமும் அப்புறமும் நுழைந்து உள்ளே போனார்கள். விருந்தினர் வெளியே. அப்போது பார்த்து மழையும் வந்தது. உள்ளே கூரைக்கடியில் மைக்கில் அவருடைய தியாகத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். நான் முந்தானையை அவர் தலைமேல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நாலு பேரு சேந்து தூக்கிட்டு வாங்களேன்" என்றது ஒரு குரல். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாலு பேரு தூக்குத நாளு எல்லாருக்கும் வரும். அதுக்கு இப்ப என்ன அவசரம்?" என்றேன்.

பாலத்தடியில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர் குடையோடு நின்றிருந்தார். அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "இரும்பறுக்க ரம்பத்த எடுத்துட்டு வா மக்கா. இதயும் அறு, அக்கரையில நிக்கதயும் அறு."

"யாரு சொன்னான்னு கேட்டா?"

"அவருக்க பெண்டாட்டி சொன்னான்னு சொல்லு."

குழுச் செயலாளர் கூரைக்குள்ளிருந்தே கூப்பிட்டார். "அம்மா, இது பாதுகாக்கப்பட்ட சின்னம்."

"சின்னம் அங்கேயே இருக்கட்டும் சார். தூணு மட்டும்தான் போவுது."

ரம்பம் வந்தது. அறுக்கத் தொடங்கிய சத்தத்தில் மைக் நின்றது. என் வீட்டுக்காரர் முகத்து மழையைத் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏட்டி, பலகையில பிளேடு படாம பாத்து அறுக்கச் சொல்லு."