பெட்டை தேடித் தவளக்குப்பம்

மல்லிகா என்று பெயர் வைத்து, இரண்டு மாதம் கம்பும் நொய்யும் போட்டு, "முட்டை எப்படி இருக்கும்னு எப்போடி காட்டுவே?" என்று தினமும் கொஞ்சி வளர்த்த கோழி, ஒரு விடியற்காலையில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று கூவினால் வளர்த்தவனை என்னவென்று சொல்வது? முட்டாள் என்று நானே சொல்லிக்கொண்டேன். என் மனைவி இன்னும் பொருத்தமான ஒரு சொல் வைத்திருந்தாள். மறுநாள் வசந்தா கூவினாள். அந்த வாரத்துக்குள் ரோஜாவும் செல்வியும். பெட்டை என்று நம்பி வாங்கிய நான்கும் சேவல். குருட்டாம்போக்கில் எடுத்திருந்தால்கூட ஒன்றாவது தப்பியிருக்கும்.

உப்பளம் என்ற பகுதியில் நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்காரம்மா. கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் தெருவே அவரை மதாம் என்றுதான் கூப்பிடும்; ஆண்களை அவர் முசியே என்பார். மதாமுக்குத் தூக்கம் வருவதே விடியற்காலையில்தான். நான்காவது சேவலும் கூவிய அன்று படியேறி வந்தார்.

"பெட்டைதான்னு சொன்னீங்க, சரின்னேன். இன்னொரு தடவை சேவச் சத்தம் கேட்டுச்சுன்னா கூண்டும் காலி, வீடும் காலி. புரியுதா முசியே?"

புரிந்தது. இந்த வாடகைக்கு, கடற்காற்றோடு, இந்த ஊரில் இன்னொரு வீடு எனக்குக் கிடைக்காது. நால்வரையும் சேதராப்பட்டில் இருக்கும் மச்சான் வீட்டுக்கு அனுப்பினோம். அடுத்த வாரமே அவர் விருந்துக்குக் கூப்பிட்டார். போகவில்லை.

இருந்தாலும் பெட்டை ஆசை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினேன். கோழியோடு ஒரு சண்டையும் திட்டத்தில் இருந்தது. சேவலை என் தலையில் கட்டிய அந்தத் தவளக்குப்பத்து அம்மாளை நாலு கேள்வி கேட்காமல் திரும்புவதில்லை.

கடலூர் சாலையில் எட்டுக் கிலோமீட்டர், டிக்கெட் பதினைந்து ரூபாய். பக்கத்து சீட்டில் மடியில் மூங்கில் கூடையோடு ஒரு பாய். என் கையிலிருந்த அட்டைப்பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஓட்டையெல்லாம் போட்டிருக்கு. பூனையா தம்பி?"

"கோழி வாங்கப் போறேன் பாய்." கதையைச் சொன்னேன். முருங்கப்பாக்கம் வரும்வரை சிரித்தார். பின் சீட்டுக்காரர் தலையை நீட்டினார்.

"காலப் புடிச்சுத் தலகீழாத் தூக்கிப் பாருங்க சார். தலைய நிமித்துச்சுன்னா சேவல்."

"என்னைத் தூக்கினாலும் நிமித்துவேன்" என்றார் கண்டக்டர். "சில்லறை குடுங்க."

பாய் டவுனில் சின்னதாக ஓட்டல் வைத்திருக்கிறார். ஞாயிறு என்றால் நாட்டுக்கோழி. "எனக்குச் சேவக்குஞ்சு வேணும், ஒங்களுக்குப் பெட்டை. நான் வேணாம்னு தள்றத நீங்க எடுத்துக்குங்க. வாங்க" என்றார். அரியாங்குப்பம் பாலம் தாண்டும்போது நாங்கள் கூட்டாளிகள் ஆகிவிட்டோம்.

தவளக்குப்பம் சந்திப்பில், பஞ்சர் கடை ஓரம் அதே அம்மாள், அதே கம்பிக் கூண்டு. நான் தொண்டையைச் செருமுவதற்குள் பாய் முந்திக்கொண்டார்.

"எளசா ஆறு குடும்மா."

அம்மாள் எதுவும் கேட்கவில்லை. கையை விட்டு ஆறை எடுத்துக் கூடையில் போட்டார். எட்டிப் பார்த்த பாய், "ஆறும் சேவல்" என்று தலையாட்டினார்.

"கேக்காமலே எப்படிம்மா சேவலாவே குடுக்கறீங்க?" என்றேன்.

"எளசுன்னு கேட்டா கறிக்குத்தான? முட்டை வெக்கிற பெட்டைய யாராவது கறிக்குக் குடுப்பாங்களா?"

போன முறை இதே இடத்தில் நின்று நான் கேட்டது என்ன? 'எளசா நாலு குடுங்கம்மா.' குஞ்சாக வாங்கி வளர்க்கலாமே என்று அந்தச் சொல்லைப் போட்டிருந்தேன். வளர்க்க என்று சொல்லவே இல்லை.

அம்மாள் என்னை உற்றுப் பார்த்தார். "நீங்கதான அது? கறிக்கு வாங்கிட்டு, தடவிக் குடுத்துக்கிட்டே போனீங்களே!"

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"பாசமாச் சமைப்பீங்கன்னு விட்டுட்டேன்."

பாய் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பஞ்சர் கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். நானும்தான், வேறு என்ன செய்ய? சண்டை அதோடு போயிற்று.

பிறகு பாயும் அம்மாளும் எனக்காக ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்கள். எல்லாம் மூன்று மாதத்தைத் தொடும் குஞ்சுகள். சேவலுக்குக் கொண்டை அதற்குள் சிவந்து தடித்திருக்கிறது, கால்களும் பருமன். பெட்டையின் கொண்டை வெளிறி, கோடு போட்டதுபோல இருக்கிறது. கொண்டை சில ஜாதியில் ஏமாற்றும் என்றார் பாய். அதனால் கழுத்தையும், வாலை ஒட்டிய முதுகையும் பார்க்க வேண்டுமாம். சேவலுக்கு அங்கே முளைக்கும் புது இறகு ஒடுங்கி, கூராக, பளபளவென்று இருக்கும். பெட்டைக்கு முனை உருண்டை. ஒரு மாதக் குஞ்சில் இதெல்லாம் தெரியாது, அப்போது வாங்குவது அவரவர் அதிர்ஷ்டம் என்றார் அம்மாள்.

கறுப்பு ஒன்று என் மனதைப் பறித்தது. பாய் சேவல் என்றார், அம்மாள் பெட்டை என்றார். தலைகீழாகத் தூக்கிப் பார்த்தேன். அதற்குக் கோபம் வரும் என்பது மட்டும் தெரிந்தது, கட்டைவிரலில் கொத்திவிட்டது. மதாம் சொன்னதைச் சொன்னேன். அம்மாள் சட்டென்று அதை வாங்கிக் கூண்டில் விட்டார்.

"வேணாம் சார். ஒரு கோழிக்காக வீட்ட விட்டுட்டு நிப்பீங்களா?"

விற்க வந்தவர் விற்காமல் விட்டது அது. இருவரும் ஒத்துக்கொண்ட மூன்றை முந்நூறு ரூபாய் வீதம் வாங்கினேன். ஒரு பிடி கம்பைத் தாளில் மடித்து அவரே பெட்டியில் வைத்தார். பாய் தன் துண்டைக் கிழித்துப் பெட்டியைக் கட்டித் தந்தார்.

திரும்பும் பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன். சேவல் கூவிய நாளிலிருந்து அந்த அம்மாளை எத்தனை பேரிடம் ஏமாற்றுக்காரி என்று சொல்லியிருப்பேன்! எங்கள் தெருவில் யாராவது என்னைப் பற்றி அப்படிச் சொன்னால், மறுபடி வாசலுக்கு வருபவனுக்கு நான் கம்பு மடித்துக் கொடுப்பேனா? சந்தேகம்தான். பெட்டிக்குள் மூன்றும் கீச்சிட்டபோது நன்றி என்று யாருக்கோ சொன்னேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மதாம் வாசலிலேயே நின்றிருந்தார். பெட்டியைத் திறந்து, கற்றதையெல்லாம் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். "மூணும் பெட்டை மதாம், சத்தியமா. எறகப் பாருங்க, முனை உருண்டை."

மதாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"விடியட்டும், முசியே."